குனிந்து நிற்கும் தாய்

லாத்வியாவின் தலைநகரான ரீகாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் போய் இறங்கிய முதல் வாரமே ஒரு கட்டளை போட்டார். "மில்டாவைப் பார்த்துவிட்டாய், போட்டோவும் எடுத்திருப்பாய். சரி. நவம்பர் பதினொன்றாம் தேதி என்னோடு கல்லறைத் தோட்டத்துக்கு வா. அதையும் அதே ஆள்தான் செய்தார். அதைப் பார்க்காமல் இதைப் பார்த்தேன் என்று உன் ஊரில் போய்ச் சொல்லாதே."

ரீகா நகரின் நடுவே நிற்கும் விடுதலைச் சின்னத்தின் உச்சியில் ஒரு செம்புப் பெண் இருக்கிறாள். அவளுக்கு ஊர் மக்கள் வைத்த செல்லப்பெயர்தான் மில்டா. தரையிலிருந்து 42 மீட்டர் உயரத்தில், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, தங்க முலாம் பூசிய மூன்று நட்சத்திரங்களை ஏந்தி நிற்கிறாள். லாத்வியாவுக்குப் போகிறவர்கள் முதல் நாளே அவளைப் பார்த்துவிடுவார்கள். பழைய நகரத்திலிருந்து வெளியே வந்தால் எதிரில் அவள்தான்.

பாட்டி சொன்ன 'அதே ஆள்' கார்லிஸ் ஸாலே. லாத்விய மொழியில் ஸாலே என்றால் புல். பிறந்தபோது ஸாலீடிஸ் என்ற குடும்பப் பெயர்தான், அந்தச் சொல்லையே கொஞ்சிச் சொன்ன மாதிரி. பிறகு ஸாலே என்று சுருக்கிக்கொண்டார். இவ்வளவு உயரமான சிற்பத்தைச் செய்தவருக்குப் புல் என்று பெயர் இருந்தது எனக்கு முதலிலிருந்தே பிடித்துப்போன விஷயம்.

நவம்பர் 11 வந்தது. 1919இல் அதே நாளில்தான் ஜெர்மானியர்களின் ஆதரவோடு வந்த பெர்மொண்ட் என்பவரின் படையை லாத்வியர்கள் ரீகாவை விட்டு விரட்டினார்கள். நாட்டுக்காக விழுந்தவர்களை நினைக்கும் நாள் அது. டிராமில் ஏறி நகரத்தின் வடக்கே போனோம். பிற்பகல் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. பாட்டியின் பையில் மெழுகுவர்த்திகளும் கொஞ்சம் ஊசியிலைக் கிளைகளும் இருந்தன.

பிராலு கபி, அதாவது சகோதரர்களின் கல்லறை. 1915 அக்டோபர் 15 அன்று, முதல் உலகப்போரின் தீரெலி சதுப்பு நிலத்துச் சண்டையில் இறந்த மூன்று லாத்விய ரைஃபிள் வீரர்களை இங்கே புதைத்ததில் இந்த இடம் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 2000 பேர் படுத்திருக்கிறார்கள். வாசலில் இரு பக்கமும் கல்லில் குதிரை வீரர்கள். உள்ளே நுழைந்தால் இருநூறு மீட்டருக்கு லிண்டன் மரச்சாலை. அதைத் தாண்டினால் ஓக் மரங்களுக்கு நடுவே அணையாத் தீ. பாட்டி அங்கே நின்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "எங்கள் நாட்டுப்பாடல்களில் லிண்டன் என்றால் பெண், ஓக் என்றால் ஆண். பெண்களின் வழியாக நடந்து வந்து ஆண்களிடம் சேர்கிறாய். புரிகிறதா?" தோட்டக்கலைஞர் அந்திரெய்ஸ் ஸெய்டாக்ஸ் நட்ட மரங்கள் அவை. பேத்தெரிஸ் ஃபெடெர்ஸ், அலெக்ஸாந்தர்ஸ் பிர்ஸெனியெக்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களும் ஸாலேயோடு சேர்ந்து உழைத்தார்கள்.

தீயைத் தாண்டிப் போகும்போது காயம்பட்ட குதிரை வீரர்கள் வருகிறார்கள். நகரச் சதுக்கங்களில் நாம் பார்த்துப் பழகிய குதிரைச் சிலைகளில் குதிரை முன்காலைத் தூக்கும், மேலே இருப்பவன் வாளைத் தூக்குவான். இங்கே குதிரை மடங்கி விழுகிறது, வீரன் அதன் மேலேயே சாய்கிறான். குதிரையின் கழுத்தும் மனிதனின் முதுகும் ஒரே வளைவில் இறங்குகின்றன. நான் அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன். பாட்டி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

பிறகு கல்லறை வரிசைகள். வரிசைகளுக்கு அப்பால் ஒரு நீண்ட சுவர், அதன் மேல் தாய். மாத்தே லாத்வியா, லாத்வியத் தாய். தலையைக் குனிந்திருக்கிறாள். கையில் மலர்வளையம். காலடியில் இறந்துபோன மகன்கள். நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் கீழே எரிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் கீழிருந்து மேலே போனதால் அவள் கன்னமும் கண்ணிமையும் மட்டும் தெரிந்தன. மில்டாவின் முகத்தைப் பார்க்க நாம் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும், அப்போதும் அவள் நம்மைப் பார்ப்பதில்லை. இவள் பார்க்கிறாள். நம்மை அல்ல, நமக்கும் தனக்கும் நடுவே கிடக்கும் பிள்ளைகளை.

அன்று இரவுதான் ஸாலேயைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1888 அக்டோபர் 28 அன்று இன்றைய லிதுவேனியாவில் இருக்கும் மஜெய்க்கியாயில் பிறந்தார். லாத்வியர்களின் தேசிய காவியமான 'லாச்பிளேஸிஸ்' வெளிவந்ததும் அதே 1888இல்தான். கரடியின் தாடையைக் கிழித்த அந்தக் காவிய நாயகனைப் பின்னாளில் தன் கையால் கல்லில் எழுப்பப்போகிறவர், அவன் அச்சில் வந்த ஆண்டிலேயே பிறந்திருக்கிறார். குடும்பம் விரைவிலேயே கடலோர நகரமான லியெபாயாவுக்கு வந்தது. அப்போது லாத்வியா என்று ஒரு நாடு கிடையாது, எல்லாம் ரஷ்யப் பேரரசு. ஆகவே படிப்பும் ரஷ்யாவில்தான்: முதலில் கஸான் நகரின் கலைப்பள்ளி, பிறகு பெத்ரோகிராத், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

பெத்ரோகிராதில் நடந்ததுதான் இந்த வாழ்க்கையின் முடிச்சு என்று நினைக்கிறேன். 1918 ஏப்ரலில் லெனின் அரசு ஓர் ஆணை போட்டது. ஜார்களின் சிலைகளை இறக்க வேண்டும், புரட்சியாளர்கள், சிந்தனையாளர்களின் சிலைகளை அந்த இடங்களில் நிறுத்த வேண்டும். நாட்டில் சோற்றுக்கே வழியில்லை, உள்நாட்டுப் போர் வேறு. வெண்கலத்துக்கும் கருங்கல்லுக்கும் எங்கே போவது? எனவே பெரும்பாலும் பிளாஸ்டரிலும் சிமெண்டிலும் செய்தார்கள். இளம் சிற்பிகளுக்கு வேலை கிடைத்தது, கொஞ்சம் ரேஷனும் கிடைத்தது. ஸாலே அங்கே ரஷ்ய இலக்கிய விமர்சகர் தொப்ரோல்யூபவின் சிலையையும், 1919இல் மாஸ்கோ வாயில் அருகே கரிபால்டியின் சிலையையும் செய்தார். திறப்பு விழா நடந்தது, வாத்தியம் முழங்கியது. பிறகு மழை பெய்தது, பனி கொட்டியது. பிளாஸ்டர் அந்த ஊர்க் குளிரை எத்தனை நாள் தாங்கும்? இன்று அந்த இரண்டு சிலைகளும் இல்லை.

முப்பது வயதுச் சிற்பி ஒருவர் தன் முதல் பொதுச் சிலைகள் கரைந்து உதிரும் காலத்தில் வாழ்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கல்லைத் தேடிய விதத்தைப் பார்க்கும்போது, அந்தப் பிளாஸ்டர் அவருடைய மனதை விட்டுப் போகவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவர் அப்படி எங்கும் சொன்னதாக நான் படித்ததில்லை.

இருபதுகளின் தொடக்கத்தில் பெர்லினுக்குப் போனார். அங்கே கனசதுரங்களும் தளங்களும் கோணங்களுமாக யோசிக்கும் கலைஞர்களோடு சேர்ந்தார். அர்னோல்ட்ஸ் த்ஸிர்கால்ஸ் என்ற சக சிற்பியோடு சேர்ந்து 'லாய்க்மெட்ஸ்' என்ற லாத்வியப் பத்திரிகையை 1923இல் நடத்தினார். சில இதழ்களோடு அது நின்றது. இந்தப் பெர்லின் பருவத்தைச் சிலர் ஒரு விலகல் என்று கடந்துபோகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கல்லறையின் தாயைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். உடையின் மடிப்புகள் பெரிய பெரிய தளங்களாக விழுகின்றன, சில்லறை நுணுக்கம் எதுவும் கிடையாது. பெர்லினில் கற்ற வெட்டு அது. கண்ணீரை வடித்துக் காட்டாமல் ஒரு முகத்தைத் துயரமாக்க முடியும் என்பதை அவர் அங்கேதான் படித்திருக்க வேண்டும்.

1923இல் நாடு திரும்பினார். நாடு என்று ஒன்று இப்போது இருந்தது. 1918 நவம்பர் 18 அன்று லாத்வியா தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டது, அதைக் காப்பாற்ற இன்னும் ஈராண்டுகள் சண்டை போட்டது. கல்லறை வேலை 1924இல் தொடங்கியது, முடிய பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. முறையாகத் திறந்தது 1936 நவம்பர் 11 அன்று.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லறைக்கு வந்தது அல்லாஜி என்ற ஊரின் கல். ஊற்றுநீர் சுண்ணாம்பை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிய வைத்துப் படிய வைத்து உண்டாகிற கல் அது, உடம்பெல்லாம் துளை. வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டு இறுகும். நுண்ணிய செதுக்கலுக்கு ஒத்துவராது. உளியைத் தப்பாக வைத்தால் துளையில் போய் இறங்கும். ஆகவே அந்தக் கல்லே சிற்பியிடம், பெரிதாக யோசி, விளிம்பைக் கூர்மையாக்காதே என்று சொல்லும். ஸாலே அதற்குச் செவிகொடுத்தார். பகலில் இன்னொரு முறை தனியாகப் போனபோது தாயின் மடியைத் தொட்டுப் பார்த்தேன். கடற்பஞ்சு மாதிரி சொரசொரப்பு. துளைகளில் பாசி பிடித்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அவள் தோல் உயிருள்ளது போல வெளிச்சத்தை உறிஞ்சுகிறது. பளிங்கிலோ மெருகேற்றிய கருங்கல்லிலோ இது நடந்திருக்காது.

கல்லறை வேலை பாதியில் இருக்கும்போதே விடுதலைச் சின்னம் வந்து சேர்ந்தது. இப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சை 1922இலேயே பிரதமர் ஸிக்ஃப்ரீத்ஸ் அன்னா மெயெரோவிட்ஸ் தொடங்கியிருந்தார். இடமும் சாதாரண இடமில்லை. ரஷ்யா ரீகாவைப் பிடித்த 200ஆம் ஆண்டு நிறைவுக்காக, 1910இல் மகா பீட்டரின் வெண்கலக் குதிரைச் சிலையை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். உலகப்போரில் ஜெர்மானியர்கள் நெருங்கியபோது அதைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள், கப்பல் மூழ்கிப்போனது. போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. முடிவுகளைக் கலைஞர்கள் ஏற்கவில்லை, சண்டை, மறுபடி போட்டி. கடைசியில் தேறியது ஸாலே 'நட்சத்திரம் போல் ஒளிர்' என்ற குறிப்புப்பெயரில் அனுப்பிய வடிவம். கட்டடக் கலைஞராக எர்னெஸ்ட்ஸ் ஷ்டால்பெர்க்ஸ் சேர்ந்தார். 1931 நவம்பர் 18 அன்று அடிக்கல், சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து 1935 நவம்பர் 18 அன்று திறப்பு. செலவான தொகை அன்றைய லாத்விய நாணயத்தில் 30 லட்சம் லாட்ஸுக்கு மேல், அதைக் கொடுத்தது பொதுமக்களின் நன்கொடை.

எல்லோரும் மேலே பார்ப்பதால் கீழே இருப்பதைக் கவனிப்பதில்லை. மில்டாவின் செம்பு உருவத்தின் உயரம் 9 மீட்டர், ஸ்வீடனில் ராக்னார் மிர்ஸ்மெடன் என்பவர் செம்பை அடித்து உருவாக்கியது. அவள் நிற்கும், டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல்லால் ஆன தூண் 19 மீட்டர். அதற்கும் கீழே சிவப்பும் சாம்பலுமான கருங்கல் அடுக்குகள், அவற்றைச் சுற்றி 56 உருவங்கள், 13 தொகுதிகளாக. என்னைக் கேட்டால் ஸாலே அங்கேதான் இருக்கிறார். மீனவனும் கைவினைஞனும் உழவனும் சேர்ந்து நிற்கிறார்கள், பெயர் 'உழைப்பு'. இரண்டு குழந்தைகளுக்கு நடுவே ஒரு தாய், 'குடும்பம்'. பழங்காலப் போர்வீரனும் அவனருகே மண்டியிட்ட இக்காலச் சிப்பாய்கள் இருவரும், 'தாயகக் காவலர்'. ஒரு பக்கச் சுவரில் பாட்டுத் திருவிழாக் கூட்டம். 1873இல் தொடங்கிய அந்தத் திருவிழாவில்தான் லாத்வியர்கள் தங்களை ஓர் இனமாக முதன்முறை ஒரே இடத்தில் திரண்டு கண்டார்கள். அதைப் போர்க்காட்சிக்குச் சமமான அளவில் எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறார். துப்பாக்கி பிடித்தவர்களும் வாய்திறந்து பாடியவர்களும் ஒரே உயரம்.

'விலங்கு உடைப்போர்' என்றொரு தொகுதி. மூன்று ஆண்கள், சங்கிலியை இழுக்கிறார்கள். சங்கிலி இன்னும் அறவில்லை. ஸாலே அதை அறுந்ததாகக் காட்டியிருக்கலாம், விடுதலை கிடைத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு செய்த சிற்பம்தானே. அவர் இழுப்பைத்தான் செதுக்கினார். தோள்களின் அந்தத் திரட்சியைப் பார்க்கும்போது கல்லறையின் குதிரைகள் நினைவுக்கு வருகின்றன. அங்கே எடை கீழே இறங்குகிறது, இங்கே அதே எடை மேலே எழுகிறது. ஒரே மனிதர், ஒரே ஆண்டுகளில், ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய் இரண்டையும் செய்துகொண்டிருந்தார். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது என்று பாட்டி சொன்னதன் பொருள் எனக்கு அங்கேதான் எட்டியது. மில்டா ஏந்தும் மூன்று நட்சத்திரங்கள் குர்ஸெமே, விட்ஸெமே, லாட்கலே என்ற நிலப்பகுதிகள். அடியில் கவிஞர் கார்லிஸ் ஸ்கல்பெ தந்த வரி: 'தாயகத்துக்கும் விடுதலைக்கும்'. அந்த வரியின் விலை ஊருக்கு வடக்கே சுவரின் முன்னால் வரிசையாகப் படுத்திருக்கிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. சின்னம் திறக்கப்பட்டபோது லாத்வியாவில் நாடாளுமன்றம் இல்லை. 1934 மே 15 அன்று கார்லிஸ் உல்மானிஸ் ஆட்சியைக் கைப்பற்றி அதைக் கலைத்துவிட்டார், கட்சிகளையும் தடைசெய்தார். விடுதலைக்கு எழுப்பிய சின்னத்தின் திறப்புவிழா ஒரு சர்வாதிகாரத்தின் விழாவாகவும் இருந்தது. ஸாலே மேல் இதற்காகப் பழி போட நான் வரவில்லை. ஆனால் காசு கொடுத்த மக்களில் எத்தனை பேருக்கு அன்று நெஞ்சில் முள் தைத்திருக்கும் என்று நினைக்காமல் அந்தப் பழைய புகைப்படங்களைப் பார்க்க முடிவதில்லை.

1936இல் லாத்வியக் கலை அகாதெமியில் சிற்பம் கற்பிக்கத் தொடங்கினார். அமைதியான ஆண்டுகள் நான்குதான் கிடைத்தன. 1940 ஜூனில் சோவியத் படை நுழைந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 14 அன்று ஒரே இரவில் 15,000க்கும் மேற்பட்டவர்களைச் சரக்கு ரயில்களில் ஏற்றிச் சைபீரியா பக்கம் அனுப்பினார்கள். ஜூலை தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் ரீகாவுக்குள் வந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் ரும்புலா காட்டில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 25,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குளிர்காலத்தில், 1942 பிப்ரவரி 19 அன்று, இன்சுகால்ன்ஸில் ஸாலே இறந்தார். வயது 53. தன் கல்லை வெட்டி எடுத்த அல்லாஜியிலிருந்து அதிக தூரமில்லாத ஊர் அது. தான் செய்த சகோதரர் கல்லறையிலேயே அவரைப் புதைத்தார்கள்.

போருக்குப் பிறகு சோவியத் ஆட்சி திரும்பியது. மில்டாவை இடித்துவிடலாமா என்ற பேச்சு 1949இல் எழுந்தது. இடிக்கவில்லை. ஏன் என்பதற்கு லாத்வியாவில் எல்லோரும் சொல்லும் ஒரு காரணம் உண்டு. சோவியத் நாட்டின் பெரிய சிற்பியான வேரா முகினா, 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் சோவியத் அரங்கின் உச்சியில் நின்ற தொழிலாளி, கூட்டுப்பண்ணைப் பெண் சிலையைச் செய்தவர், பிறந்தது ரீகாவில். அவர்தான் இது உயர்ந்த கலைப்படைப்பு, இதைத் தொடக்கூடாது என்று வாதாடினார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொன்னார். எழுத்தில் சான்று கிடையாது, மகனின் வாய்மொழிதான். ஆனால் எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஏனென்றால் முகினாவும் 1918ஆம் ஆண்டின் அந்த லெனின் ஆணையில் வேலை செய்தவர். ரஷ்யப் பதிப்பாளர் நோவிகவுக்கு அவர் செய்த சிலையின் களிமண் உருவம், சூடில்லாத பட்டறையில் குளிரில் விரிந்து உடைந்துபோனது. பிளாஸ்டர் கரைவதைப் பார்த்தவர் ஒருவர், களிமண் உடைவதைப் பார்த்தவர் இன்னொருவர். ஒருவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய கல்லுக்காக மற்றவர் பேசினார் என்றால், அதில் அரசியலைத் தாண்டி ஒரு பட்டறைப் பாசம் இருந்திருக்கும்.

இடிக்காவிட்டாலும் அர்த்தத்தை மாற்றப் பார்த்தார்கள். மூன்று நட்சத்திரங்களும் மூன்று பால்டிக் சோவியத் குடியரசுகள் என்றார்கள், ஏந்தி நிற்பவள் ரஷ்யத் தாய் என்றார்கள். 1950இல் அதே சாலையில் சற்றுத் தள்ளி லெனினை நிறுத்தினார்கள். மில்டா மேற்கே பார்க்க, அவர் கிழக்கே பார்த்தார். சின்னத்தின் அடியில் பூ வைப்பது குற்றமானது. பாட்டி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார், இத்தனை ஆண்டுகள் கழித்தும். "நாங்கள் அதை டிராவல் ஏஜென்சி என்போம். ஒரு பூ வைத்தால் போதும், சைபீரியாவுக்கு ஒருவழி டிக்கெட்."

1987 ஜூன் 14 அன்று, ரயிலேற்றப்பட்டவர்களை நினைத்து, ஹெல்ஸிங்கி-86 என்ற சின்னஞ்சிறு மனித உரிமைக் குழு எல்லோரும் பார்க்க அங்கே பூ வைத்தது. ஆயிரக்கணக்கானோர் பின்னால் கூடிவிட்டார்கள். அந்தக் குழு தொடங்கியது லியெபாயாவில், ஸாலே வளர்ந்த ஊரில். நான்கு ஆண்டுகளில் நாடு மீண்டும் விடுதலை பெற்றது. 1991 ஆகஸ்டில் லெனின் சிலை இறங்கியது. 1992 நவம்பர் 11 முதல் மில்டாவின் அடியில் மறுபடியும் காவல் வீரர்கள் நிற்கிறார்கள்.

1987இல் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா என்று பாட்டியைக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "பூ வாங்கினேன். டிராம் நிறுத்தம் வரை போனேன். பயந்துபோய் அந்தப் பூவை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து தண்ணீரில் வைத்தேன்."

இரண்டு குளிர்காலங்கள் அங்கே இருந்தேன். இரண்டாவது நவம்பர் 11 அன்றும் அவரோடு கல்லறைக்குப் போனேன். முதல் தடவை நான் கவனிக்காத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். பாட்டி தாயின் முன்னாலோ ஸாலேயின் கல்லறையிலோ மெழுகுவர்த்தியை வைக்கவில்லை. வரிசைகளுக்குள் போய் 'நெஸினாம்ஸ்' என்று எழுதியிருந்த ஒரு கல்லைத் தேடினார். பெயர் தெரியாதவர் என்று பொருள். அவருடைய அப்பாவின் அண்ணன் 1917 ஜனவரியில், கிறிஸ்துமஸ் சண்டைகள் என்று அவர்கள் சொல்லும் போரில், சதுப்பு நிலத்தில் காணாமல் போனவர். எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. "இது அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் அப்பா இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தார், அதனால் நானும் இதற்கே வருகிறேன்."

ஈரக் காற்றில் தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. நான் இரண்டு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டேன், அவர் நான்காவது குச்சியைக் கிழித்தார்.